சமையல் அறைக்கு விடுதலை!

"அடுப்பு ஊதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?"

ஒரு காலத்தில் நம் நாட்டில் இப்படிக் கேட்டார்கள். பெண்கள் படித்துக் காட்டி அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். இன்று பெண் டாக்டராக இருக்கிறாள். கலெக்டராக இருக்கிறாள். விமானம் ஓட்டுகிறாள்.

ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

"அவள் ஏன் புகையில் நின்று அடுப்பை ஊத வேண்டும்?"

வீட்டில் நாலு காசு மிஞ்சினால் என்ன செய்கிறோம்? முன் அறைக்கு வர்ணம் பூசுகிறோம். புது நாற்காலி வாங்குகிறோம். விருந்தாளி வந்து உட்காரும் இடம் அல்லவா? சமையல் அறையின் முறை வரும்போது கையில் காசு இருப்பதில்லை. "அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று விட்டுவிடுகிறோம்.

யாரும் வந்து பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் வீட்டுத் தாய் ஒரு நாளில் பல மணி நேரம் அங்கேதான் நிற்கிறாள். பல வீடுகளில் கைக்குழந்தையும் அவள் இடுப்பில் இருக்கிறது.

வீட்டில் உள்ள ஆண்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலைச் சமையல் நடக்கும்போது அரை மணி நேரம் அந்த அறைக்குள் நிற்க வேண்டும். அவ்வளவுதான்! கண் எரிகிறதா? இருமல் வருகிறதா? அரிசியில் கல் இருப்பது தெரியாத அளவுக்கு இருட்டாக இருக்கிறதா? அப்படியானால் அந்த அறைக்குத்தான் முதல் செலவு செய்ய வேண்டும்.

பெரிய செலவு வேண்டாம். வீட்டை இடிக்க வேண்டாம். மாதம் ஒரு சின்ன வேலை போதும்.

உப்புக் காற்றும் சவுக்கு விறகும்

செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் எல்லா வகை வீடுகளையும் பார்க்கலாம். ஓட்டு வீடு, ஓலை வீடு, தளம் போட்ட வீடு. கடற்கரைக் குப்பங்களில் 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட சின்னச் சின்ன வீடுகளும் உண்டு.

வீடுகள் மாறின. அடுப்பும் மாறியது. தமிழக அரசு 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. மத்திய அரசின் உஜ்வலா கியாஸ் திட்டம் 2016-ல் வந்தது.

சாமான்கள் வந்துவிட்டன. அவற்றை வைக்க இடம் வந்ததா? பல வீடுகளில் கியாஸ் அடுப்பு தரையில் இருக்கிறது. மிக்சியும் தரையில் இருக்கிறது. அம்மாவும் தரையில் குனிந்து நிற்கிறாள்!

விறகு அடுப்பும் முழுதாகப் போய்விடவில்லை. வெந்நீர் போட, மண்சட்டியில் மீன் குழம்பு வைக்க, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறு பொங்க விறகுதான் கை கொடுக்கிறது. இந்தக் கடற்கரையில் சவுக்கு விறகுக்குப் பஞ்சம் இல்லை. சவுக்கு நம் ஊர் மரம் அல்ல. 19-ம் நூற்றாண்டில் சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில் விறகுக்காகவே அதைத் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். ரெயில் என்ஜினுக்கும் அந்த விறகு போனது. பட்டணத்து அடுப்புக்கும் போனது. இன்று ரெயில் என்ஜின் விறகுப் புகை விடுவதில்லை. வீட்டு அடுப்பு இன்னும் விடுகிறது!

அந்தப் புகை கண்ணை எரிப்பதோடு நிற்பதில்லை. நுரையீரலுக்குள் போகிறது, இருதயத்தையும் கெடுக்கிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. அவர்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

என்ஜினீயர் கண்ட அடுப்பு

இதைப் பற்றி முன்பே கவலைப்பட்ட ஒருவர் உண்டு. அவர் பெயர் எஸ்.பி.ராஜு. ஐதராபாத்தில் என்ஜினீயரிங் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்தவர்.

அணைக்கட்டும் பாலமும் ஆராயும் கூடத்தில் அவர் மண் அடுப்பையும் ஆராய்ந்தார். மண்ணால் மூடிய அடுப்பு. ஒரு பக்கம் விறகு வைக்க வாய். மேலே பாத்திரங்கள் வைக்க வரிசையாகக் கண்கள். கடைசியில் ஒரு புகைபோக்கி. ஒரே தீ எல்லாப் பாத்திரங்களுக்கும் அடியில் ஓடும். புகை கூரைக்கு வெளியே போய்விடும். வார்தாவில் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் சங்கத்தாரும் 1940-களில் இதே போன்ற அடுப்பைப் பரப்பினார்கள்.

ராஜு தம் அடுப்பைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அது 1953-ல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. நல்ல சமையல் அறை பெண்ணுக்கு ஐந்து விடுதலை தர வேண்டும் என்பது அவர் கருத்து. புகையில் இருந்து விடுதலை. கரியில் இருந்து விடுதலை. வெப்பத்தில் இருந்து விடுதலை. வீண் செலவில் இருந்து விடுதலை. தீ விபத்தில் இருந்து விடுதலை.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகி இருந்த நேரம் அது. அடுப்பங்கரைக்கும் விடுதலை வேண்டும் என்று ஒரு என்ஜினீயர் நினைத்தார்!

கியாஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஐந்தும் பொருந்தும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. புகை போக வழி

சூடான காற்று மேலே ஏறும். குளிர்ந்த காற்று கீழே வரும். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும்.

அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு திறப்பு வேண்டும். எதிர்ச் சுவரில் தாழ்வாக இன்னொரு திறப்பு வேண்டும். கீழே நல்ல காற்று நுழையும். மேலே புகை வெளியேறும். ஒரே ஒரு ஜன்னல் இருந்தால் காற்று ஓடாது. வந்த வழியே அதுவும் திரும்ப வேண்டும் அல்லவா?

ஜன்னல் வைக்கப் பணம் இல்லையா? லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் ஒரு வழி காட்டினார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால் அதுவே ஜன்னல். மரச் சட்டம் வேண்டாம், கம்பி வேண்டாம். வெளிச்சமும் வரும், காற்றும் வரும். உள்பக்கம் கொசு வலை அடித்துவிட்டால் பூச்சியும் வராது.

இந்த பேக்கருக்கும் மாமல்லபுரம் சாலைக்கும் தொடர்பு உண்டு. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிண சித்ரா காட்சிக்கூடத்தின் அமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே திரும்ப நிறுத்தி இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, உழவர் வீடு, குயவர் வீடு எல்லாம் இருக்கின்றன. குடும்பத்தோடு போகிறவர்கள் தூணையும் கதவையும் மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. காற்றும் வெளிச்சமும் எந்த வழியாக உள்ளே வருகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

விறகு அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதில் கரி அடைத்துக் கொள்ளும். அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணில் விரிசல் விட்டால் உடனே பூச வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு 1980-களில் புகையில்லா அடுப்பை நாடு முழுவதும் பரப்பத் தொடங்கியது. 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டன. 2002-ல் அந்தத் திட்டம் நின்றது. பிறகு ஒடிசா மாநிலக் கிராமங்களில் வேறு ஒரு புகையில்லா அடுப்பைக் கொடுத்து, நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ அம்மையாரும் அந்த ஆராய்ச்சியில் இருந்தார். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு பலன் இல்லை! காரணம்? பழுது பார்க்கவில்லை; சுத்தம் செய்யவில்லை; பலர் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

அடுப்பு வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது மாத வேலை.

2. கரி போனால் வெளிச்சம் வரும்

கறுத்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அதனால் பல்பு வாங்கும் முன் சுண்ணாம்பு வாங்க வேண்டும்.

கரி படிந்த சுவரில் அப்படியே வெள்ளை அடிக்கக் கூடாது. கரி மேலே தெரிந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காய விட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை இரவே தண்ணீரில் ஊற வைத்து, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். சுவரில் ஒட்டிக் கொள்ள, கொஞ்சம் கஞ்சியோ பசையோ சேர்க்கலாம். பளிச்சென்று தெரிய, துளி நீலம் சேர்க்கலாம். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதை விட, நீர்க்க மூன்று தடவை அடிப்பது நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

ஓட்டு வீடாக இருந்தால் நடுவில் ஒரு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைக்கலாம். பகலில் விளக்கே வேண்டாம். கரண்டு செலவு இல்லாமல் சூரியன் வந்து விளக்குப் பிடிப்பான்!

பல்பைப் பல வீடுகளில் அறையின் நடுவில் மாட்டுகிறார்கள். சமைக்கிறவள் விளக்குக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் நிழல் காய்கறியின் மேல் விழுகிறது. கத்தி விரலில் படுகிறது. விளக்கு மேடைக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

3. வெப்பம் தணிய

ஓலைக் கூரை குளிர்ச்சி. தகரமும் தளமும் சித்திரை மாதத்தில் அடுப்பை விடச் சூடு. தளத்தின் மேல்பக்கம் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். தகரக் கூரையின் மேல் பந்தல் போட்டு, சுரைக் கொடியோ அவரைக் கொடியோ ஏற்றிவிடலாம். கீழே குளிர்ச்சி, மேலே குழம்புக்குக் காய்!

4. வீணாகும் விறகு, வீணாகும் நடை

ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன் ஈரத்தை உலர்த்தவே செலவு செய்கிறது. புகையையும் அதிகமாக விடுகிறது. மழைக்கு முன் விறகைப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கிக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். மூடி போட்டுச் சமைத்தால் விறகும் மிச்சம், கியாசும் மிச்சம்.

இன்னொரு வீண் இருக்கிறது. அது நடை. உப்பு ஒரு மூலை, புளி ஒரு மூலை, தண்ணீர் வெளியே. ஒரு குழம்பு வைப்பதற்குள் எத்தனை தடவை நடக்கிறாள்!

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் 1926-ம் ஆண்டு ஒரு பெண் இதை எண்ணிப் பார்த்தார். அவர் பெயர் மார்கரெட் லிஹாட்ஸ்கி, கட்டிடக் கலைஞர். தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சின்னஞ்சிறு சமையல் அறையை அமைத்தார். சுமார் 6 அடி அகலம். 11 அடி நீளம். அவ்வளவுதான்! ரெயில் உணவு வண்டியில் சின்ன இடத்தில் பெரிய சமையல் நடப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்ததாம். எல்லாச் சாமானும் கை நீட்டினால் கிடைக்கும். அந்த அறையைப் போல சுமார் 10 ஆயிரம் அறைகள் அங்கே கட்டப்பட்டன.

நம் பாட்டிமாருக்கு இந்த ரகசியம் முன்பே தெரியும். அஞ்சறைப் பெட்டி வேறு என்ன? கடுகும் சீரகமும் தேடி ஓடாமல், ஒரே பெட்டியில் கைக்கு எட்டிய தூரத்தில்! அந்தப் பெட்டியைப் போலவே அறை முழுவதையும் ஒழுங்கு செய்ய வேண்டும். தினமும் எடுக்கும் சாமான் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கட்டும். கனமான பாத்திரம் கீழே இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கும் அண்டா பரணில் இருக்கட்டும்.

கடற்கரை வீடுகளில் அலமாரிக்கு இரும்பை நம்பக் கூடாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லவர் காலத்துச் சிற்பங்களின் முகமே காற்றில் கரைந்து இருக்கிறது. கல்லுக்குள் புகுந்த உப்பை வெளியே இழுக்க, தொல்பொருள் துறையினர் காகிதக் கூழைப் பூசி எடுக்கிறார்கள். கல்லையே தின்னும் உப்புக் காற்று ஆணியை விடுமா? அதனால் ஆணிக்குப் பதில் மர முளை அடிக்கலாம். தகர ஸ்டாண்டுக்குப் பதில் கடப்பாக் கல் பலகையைச் சுவரில் பதிக்கலாம். உப்புக்குப் பீங்கான் ஜாடிதான் சரி. பழைய உறியும் கெட்டுப் போகவில்லை. எறும்பும் பூனையும் எட்டாத அலமாரி அது!

5. தீயை அடக்க

ஓலை வீட்டில் அடுப்பு ஓலையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் மண் சுவரோ செங்கல் சுவரோ வேண்டும். புகைபோக்கியை ஓலைக்குள் நுழைக்கக் கூடாது. சுவர் வழியாக வெளியே விட வேண்டும்.

கியாஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சிலிண்டர் கியாஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி நிற்கும். ஆகையால் தரையை ஒட்டியும் ஒரு காற்றுத் துளை தேவை. சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும். அடுப்பு அதை விட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூட வேண்டும். கியாஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது! கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் மின்சாரப் பிளக் மேடைக்கு மேலே, குழாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எர்த் உள்ள மூன்று முள் பிளக் அவசியம்.

ஆறாவது விடுதலை

ராஜு சொன்ன ஐந்தோடு ஆறாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும். முதுகு வலியில் இருந்து விடுதலை!

இரண்டு பக்கம் செங்கல் தூண். மேலே 2 அடி அகலக் கடப்பாக் கல். மேடை தயார். உயரம் எவ்வளவு? மேஸ்திரியைக் கேட்க வேண்டாம். சமைக்கிறவளைக் கேட்க வேண்டும். அவள் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். பெரும்பாலும் அது இரண்டரை அடிக்கும் இரண்டே முக்கால் அடிக்கும் இடையில் வரும். கால் விரல் நுழைய, தூணை விட 3 அங்குலம் கல் வெளியே நீண்டிருந்தால் மேடையை ஒட்டி நிற்கலாம். நிற்க முடியாத பாட்டிக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்கலாம்.

கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் கறை விழும். உடனே துடைத்துவிட வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாசலில் தேங்க விட வேண்டாம். அது கொசுவின் தொட்டில். ஒரு குழி வெட்டிச் செங்கல் ஜல்லி நிரப்பி, அதில் விடலாம். பக்கத்தில் வாழையோ கல்வாழையோ வைக்கலாம். குழிக்கும் கிணற்றுக்கும் நல்ல இடைவெளி வேண்டும்.

மாதம் ஒரு வேலை

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த மாதம் கழுவி வெள்ளை அடிப்பது. அடுத்த மாதம் ஒரு கண்ணாடி ஓடு. அதற்கு அடுத்த மாதம் புகை போகத் திறப்பு. பிறகு மேடை. பொங்கலுக்குப் பொங்கல் ஒன்றிரண்டு வேலை முடிந்தாலும் நல்லதுதான்.

ஆனால் முதல் வேலைக்கு இன்று ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாள். அப்பாவுக்கு லீவு. பையன்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜாடிகளை வெளியே எடுத்து வைக்கப் பிள்ளைகள். சுவரைத் தேய்க்க அப்பா. இரவே சுண்ணாம்பை ஊற வைத்தால், நாளைக் காலை வேலைக்குப் போகும் முன் முதல் பூச்சு முடிந்துவிடும்.

அம்மா என்ன செய்வாள்? வாசலில் உட்கார்ந்து காற்று வாங்கட்டும். இத்தனை ஆண்டுகள் புகையைச் சுவாசித்தவளுக்கு அது போதும்; மற்றதை நாளை புது வெளிச்சத்தில் அவளே பார்த்துக் கொள்வாள்.